பக்கத்து வாக்கியத்தைத் தேடி

நான்கு வாக்கியங்களை 24 விதமாக அடுக்கலாம். ஐந்து என்றால் 120 விதம், ஆறு என்றால் 720. வங்கித் தேர்வுகளின் ஆங்கிலத் தாளில் ஒரு காலத்தில் ஆறு வாக்கியங்களைக் கலைத்துப் போட்டுவிட்டு, முதலில் வருவது எது, மூன்றாவது எது, கடைசி எது என்று ஐந்து கேள்விகள் கேட்பார்கள். வரிசை பிடிபட்டால் ஐந்து மதிப்பெண்ணும் சேர்ந்து வரும். பிடிபடாவிட்டால் சேர்ந்தே போகும். மதுரையில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் பலர் இந்தப் பயத்தில் 'பாரா ஜம்பிள்' பகுதியைக் கடைசிக்குத் தள்ளிவைப்பார்கள். கடைசியில் நேரம் இருக்காது.

அப்படித் தள்ளிவைக்கப்பட்ட கேள்வியைத்தான் அங்கே பயிற்சி தரும் ஓர் ஆசிரியை தன் முக்கியப் பாடமாக எடுத்துக்கொண்டார். காலையில் வங்கி, எஸ்எஸ்சி தேர்வுக்குப் படிப்பவர்கள் வருவார்கள். மாலையில் ஆஸ்திரேலியா போக பிடிஇ எழுதும் செவிலியர்கள். வார இறுதியில் ஐஐஎம் கனவோடு கேட் எழுதும் பொறியியல் மாணவர்கள். மூன்று கூட்டத்துக்கும் வயது வேறு, அவசரம் வேறு. மூவரையும் ஒரே இடத்தில் தடுக்கி விழவைத்தது இந்த ஒரு கேள்விதான்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள் முதல் நாளே ஒரு ஜெராக்ஸ் தாளோடு வருவார்கள். அது யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது, கைமாறிக்கொண்டே இருக்கும். 'ஹவ்எவர்', 'பட்', 'தேர்ஃபோர்' என்று தொடங்கும் வாக்கியம் முதலில் வராது. 'ஹி', 'இட்', 'தே' வந்தால் அதற்கு முன்னால் பெயர் வந்திருக்க வேண்டும். முழுப்பெயர் முதலில், சுருக்கம் பிறகு. பொதுச் செய்தி முதலில், உதாரணம் பிறகு. ஆண்டுகள் இருந்தால் ஏறுவரிசை. தாளில் இருப்பது இவ்வளவுதான்.

இதில் எதையும் அவர் தள்ளிவிடவில்லை. எளிய கேள்விகளுக்கு இந்த விதிகள் போதும், அதுவும் விரைவாக. ஐபிபிஎஸ் பிஓ முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 20 நிமிடம், 30 கேள்விகள். ஒரு கேள்விக்கு 40 நொடிதான் கிடைக்கிறது. தவறான விடைக்கு கால் மதிப்பெண் குறையும். அந்த 40 நொடியில் ஒருவர் இலக்கணக் கோட்பாட்டை யோசித்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அந்தத் தாள் பிள்ளைகளை எல்லா நேரமும் 'முதல் வாக்கியம் எது' என்றே தேடவைத்தது. அவர் மாற்ற நினைத்தது இந்தத் தேடலை. முதல் வாக்கியத்தைத் தேடாதே, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு வாக்கியங்களைத் தேடு என்பதுதான் அவர் எல்லா வகுப்பிலும் சொன்னது. ஜோடிகள் சேர்ந்துவிட்டால் தலைவாக்கியம் தானாக மேலே வந்துவிடும்.

எந்த வகுப்பானாலும் அவர் கரும்பலகையில் முதலில் எழுதுவது மலேரியா பத்திதான். ஆங்கிலத்தில் எழுதியதை இங்கே தமிழில் தரலாம்:

அ. அந்தச் சான்று 1897 ஆகஸ்டில் கிடைத்தது; செகந்திராபாத்தில் பணியாற்றிய ராணுவ மருத்துவர் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றில் அந்த ஒட்டுண்ணியைக் கண்டார்.

ஆ. சதுப்பு நிலங்களிலிருந்து வரும் கெட்ட காற்றே அந்த நோய்க்குக் காரணம் என்று பல நூற்றாண்டுகளாக நம்பியிருந்தார்கள்.

இ. சில மருத்துவர்கள் அதை விட்டுக் கொசுவின் மேல் சந்தேகம் கொண்டார்கள்; ஆனால் அவர்களிடம் சான்று இல்லை.

ஈ. மலேரியா எப்படிப் பரவுகிறது என்பது 19ஆம் நூற்றாண்டின் கடைசிவரை உறுதியாகத் தெரியாமல் இருந்தது.

வகுப்பில் பாதிப் பேர் 'ஆ'வைத்தான் முதலில் வைப்பார்கள்.

"மேம், ஆ தான் ஃபர்ஸ்ட். பல நூற்றாண்டானு இருக்குல்ல, அதுதானே ரொம்பப் பழசு."

"சரிப்பா. 'தி டிசீஸ்'னு எழுதியிருக்கு. எந்த நோய்? நீ இன்னும் எந்த நோயையும் சொல்லவே இல்லையே."

பையன் கரும்பலகையை மறுபடி பார்ப்பான். 'ஆ' வாக்கியத்துக்கு ஒரு நோயின் பெயர் தேவை. அது 'ஈ'யில்தான் இருக்கிறது. ஆக ஈ, ஆ ஒரு ஜோடி. 'இ'யில் ஆங்கிலத்தில் 'இன்ஸ்டெட்' என்ற சொல் இருக்கும். எதை விட்டு என்று கேட்டால் கெட்ட காற்றை விட்டு. ஆ, இ ஒரு ஜோடி. 'அ'வில் 'தி ப்ரூஃப்'. எந்தச் சான்று? இல்லாமல் இருந்ததே, அந்தச் சான்று. இ, அ ஒரு ஜோடி. மூன்று ஜோடியும் சேர்ந்ததும் ஈ–ஆ–இ–அ என்ற வரிசை கிடைத்துவிடுகிறது. எந்த இடத்திலும் 'முதல் வாக்கியம் எது' என்று யாரும் கேட்கவில்லை. கால வரிசை என்ற விதி இங்கே உதவாததோடு தவறான பக்கம் இழுத்தது. பழைய செய்தியைப் பிறகு சொல்வது ஆங்கிலக் கட்டுரைகளில் சாதாரணம். 'ஹாட் பீன்' என்ற வினைவடிவம் இருக்கிற வாக்கியம் பின்னோக்கித் திரும்பிப் பார்க்கிறது, கதையைத் தொடங்கிவைப்பது அதன் வேலையில்லை என்று அவர் அதன் கீழே கோடு போட்டுக் காட்டுவார்.

தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு 'எ', 'தி' இரண்டும் கண்ணில் படுவதே இல்லை. அது அவர்கள் குறையில்லை. தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது. ஆங்கிலம் படிக்கும்போது அவற்றை மூச்சுவிடும் இடைவெளி போலத் தாண்டிப் போகப் பழகியிருப்பார்கள். பள்ளியில் அவை 'ஃபில் அப்' கேள்விக்கான விஷயம் மட்டுமே. ஒரு பொருள் வாசகருக்குப் புதியதா, ஏற்கெனவே தெரிந்ததா என்று ஒவ்வொரு வரியிலும் அவை சொல்லிக்கொண்டே போகின்றன என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. எனவே முதல் வாரம் முழுக்க அவர் வாக்கியங்களை வரிசைப்படுத்தவே விடமாட்டார். நாளிதழ்ப் பத்தியைக் கொடுத்து, 'தி' வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் வட்டம் போடச் சொல்வார். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரே கேள்வி: இது உனக்கு முன்னமே எப்படித் தெரியும்?

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. 1974இல் சூசன் ஹாவிலண்ட், ஹெர்பர்ட் கிளார்க் என்ற இரு உளவியலாளர்கள் வாசிப்பு வேகத்தை அளந்தார்கள். வண்டியின் பின்பெட்டியிலிருந்து பீரை எடுத்தோம் என்று ஒரு வாக்கியம், அடுத்து பீர் வெதுவெதுப்பாக இருந்தது என்று ஒரு வாக்கியம். இன்னொரு ஜோடியில், சுற்றுலாவுக்கான பொருட்களைச் சரிபார்த்தோம் என்று முதல் வாக்கியம், அடுத்தது அதே பீர் வாக்கியம். இரண்டாவது ஜோடியில் அந்த பீர் வாக்கியத்தைப் புரிந்துகொள்ள வாசகர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. சுற்றுலாப் பொருட்களில் பீரும் இருந்திருக்க வேண்டும் என்று அவர்களே ஒரு பாலம் கட்ட வேண்டியிருந்தது. தெரிந்த செய்தியை முன்னால் சொன்னதோடு கோர்த்து, அதன்மேல் புதிய செய்தியை வைப்பதாக எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் இடையே ஓர் உடன்பாடு இருக்கிறது என்று அவர்கள் விளக்கினார்கள்.

ஆசிரியைக்கு இந்த ஆய்வு இவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணம் அந்த இரண்டாவது ஜோடிதான். கடினமான கேள்விகள் எல்லாமே அந்த வகை. நடுத்தர மாணவர் அதே சொல் முந்தைய வாக்கியத்தில் இருக்கிறதா என்று தேடுவார். இல்லை என்றதும் ஜோடி இல்லை என்று முடிவுகட்டிவிடுவார். ஒரு வாக்கியத்தில் பேருந்து, அடுத்ததில் 'தி டிரைவர்' என்றால் யாரும் தடுமாறமாட்டார்கள். ஆனால் ஒரு வாக்கியத்தில் வட்டி விகிதம் உயர்ந்தது என்றும், இன்னொன்றில் 'தி பர்டன்' வீடு வாங்கியவர்கள் தலையில் விழுந்தது என்றும் இருந்தால், அந்தச் சுமை எது என்று கண்டுகொள்ள வீட்டுக்கடனைப் பற்றி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். மலேரியா பத்தியிலேயே 'அந்த ஒட்டுண்ணி' என்று வருகிறதே, ஒட்டுண்ணி அதற்கு முன் எங்கும் வரவில்லை. மலேரியா ஓர் ஒட்டுண்ணியால் வருவது என்று அறிந்தவருக்கு அது உறுத்தாது. மொழித் தேர்வு என்று பெயர் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வி உலக அறிவையும் கூடவே சோதிக்கிறது. அதனால்தான் விதிகளை மனப்பாடம் செய்த மாணவரைவிட தினமும் ஒரு செய்தித்தாளை முழுசாகப் படிக்கும் மாணவர் இதில் முன்னால் நிற்கிறார் என்று அவர் உறுதியாக நம்புகிறார்.

கணினிக்கும் இதே வழிதான் ஒத்துவந்தது. ரெஜினா பார்சிலே, மிரெல்லா லபாட்டா என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் ஒரு முறையை முன்வைத்தார்கள். ஒரு கட்டம் வரைவது: கிடைவரிசைகளில் வாக்கியங்கள், நெடுவரிசைகளில் அவற்றில் வரும் பெயர்கள். எந்தப் பெயர் எந்த வாக்கியத்தில் எழுவாயாக நிற்கிறது, எதில் செயப்படுபொருளாக நிற்கிறது, எதில் காணாமல் போகிறது என்று குறித்துவிடுவது. நிலநடுக்கச் செய்திகளையும் விமான விபத்து அறிக்கைகளையும் கலைத்துப்போட்டு, அசல் வரிசையைக் கணினி அடையாளம் காண்கிறதா என்று பார்த்தார்கள். ஆசிரியை அந்தக் கட்டத்தை நோட்டுப் புத்தகத்தில் வரையவைத்தார். பரீட்சையில் வரைய நேரம் கிடையாது, ஆனால் பத்துப் பதினைந்து பத்திகளுக்கு வரைந்தபின் ஒரு பெயர் எப்படி ஒரு வாக்கியத்தின் கடைசியில் அறிமுகமாகி அடுத்த வாக்கியத்தின் தொடக்கத்துக்கு நகர்கிறது என்பது கண்ணுக்குப் பழகிவிடும்.

ஒவ்வொரு தேர்வும் இந்தக் கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்கிறது. அதற்கேற்ப உத்தியும் மாற வேண்டும். யுபிஎஸ்சி நடத்தும் சிடிஎஸ் தேர்வில் முதல் வாக்கியத்தையும் ஆறாவது வாக்கியத்தையும் கொடுத்துவிடுவார்கள். நடுவில் பி, கியூ, ஆர், எஸ் என்ற நான்கை மட்டும் அடுக்க வேண்டும். இங்கே பின்னாலிருந்து வருவது லாபம். ஆறாவதில் 'தீஸ் டூ' என்று இருந்தால் ஐந்தாவது வாக்கியம் எதையோ இரண்டாகச் சொல்லி முடித்திருக்கும். எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் அடுக்கில் நான்கு விடைத்தெரிவுகள் கொடுக்கப்படும். ஒரு ஜோடி உறுதியானால் அந்த ஜோடி இல்லாத தெரிவுகளை அடித்துவிடலாம், பல நேரம் ஒன்றுதான் மிஞ்சும். தவறுக்கு அரை மதிப்பெண் குறையும் என்பதால் ஒரு ஜோடிகூடக் கிடைக்காதபோது விட்டுவிடச் சொல்வார்.

கேட் தேர்வில் அந்த வசதி இல்லை. இங்கே தெரிவுகள் தருவதில்லை, வரிசையை எழுதுபவரே தட்டச்சு செய்ய வேண்டும். தவறானால் மதிப்பெண் குறையாது, அதனால் காலியாக விடுவதில் பயனில்லை. ஆனால் ஓர் இடம் மாறினாலும் முழு மூன்று மதிப்பெண்ணும் போய்விடும். ஆசிரியைக்கு இந்த வடிவத்தின்மேல்தான் மரியாதை அதிகம். தெரிவுகளை அடித்து அடித்துப் பழகிய மாணவர் வாக்கியங்களைப் படிப்பதை விட்டுவிட்டுத் தெரிவுகளைப் படிக்கத் தொடங்கிவிடுகிறார் என்பது அவர் பல வகுப்புகளில் கண்டது. எனவே எஸ்எஸ்சி பிள்ளைகளுக்கும் முதல் மாதம் தெரிவுகளைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பயிற்சி.

பிடிஇ வேறு ரகம். அதில் பகுதி மதிப்பெண் உண்டு. அதைக் கொடுக்கும் முறைதான் ஆசிரியையின் பாடத்துக்கு அப்படியே பொருந்துகிறது: சரியாக அடுத்தடுத்து வைக்கப்பட்ட ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மதிப்பெண். நான்கு பெட்டிகள் என்றால் மூன்று ஜோடி, மூன்று மதிப்பெண். மலேரியா பத்தியை ஒருவர் ஆ–இ–அ–ஈ என்று வைத்துவிட்டார் என்று கொள்வோம். தொடக்கம் தவறு, முடிவும் தவறு. எந்த வாக்கியமும் அதற்குரிய இடத்தில் இல்லை. இருந்தும் ஆ–இ, இ–அ என்ற இரண்டு ஜோடி சரி, இரண்டு மதிப்பெண் உண்டு. இன்னொருவர் ஆ–ஈ–இ–அ என்று வைக்கிறார். அவருக்கு மூன்றாவதும் நான்காவதும் சரியான இடத்தில் இருக்கின்றன. ஆனால் இ–அ என்ற ஒரு ஜோடிதான், ஒரு மதிப்பெண்தான். இரவுப் பணி முடித்துத் தூக்கக் கண்ணோடு வந்த செவிலியர்கள் இந்தக் கணக்கைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஐந்து பெட்டியில் எந்த ஒன்று தலை என்று தெரியாமல் இரண்டு நிமிடம் முழித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். தலை தெரியாவிட்டாலும் உறுதியான ஜோடிகளை உடைக்காமல் நகர்த்தினால் போதும் என்றதும் அவர்கள் கை வேகமாக ஓடத் தொடங்கியது.

அவர் திரையில் பயிற்சி கொடுப்பது கடைசி இரண்டு வாரம் மட்டும்தான். அதுவரை காகிதம். 'தி இந்து' தலையங்கத்தை நகலெடுத்து, ஒரு பத்தியை வாக்கியம் வாக்கியமாகக் கத்தரித்து, கலந்து ஓர் உறையில் போட்டு ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஓர் உறை. மூன்று பேர் சேர்ந்து சீட்டுகளை மேசையில் நகர்த்துவார்கள். பேசாமல் செய்யக் கூடாது என்பது விதி. ஏன் இது இதற்குப் பின்னால் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால்தான் மற்றவர் சீட்டை நகர்த்தலாம். 'ஏதோ சரியா படுது மேம்' என்பது காரணமாக ஏற்கப்படாது. எந்தச் சொல் எதைப் பிடிக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். இந்த வகுப்புகளில்தான் கைமாறி வந்த ஜெராக்ஸ் தாளின் விதிகள் ஒவ்வொன்றாகச் சோதனைக்கு வரும். முழுப்பெயர் முதலில், சுருக்கம் பிறகு என்பது தலையங்கத்தில் அடிக்கடி பொய்த்துவிடும். ஆர்பிஐ என்றால் வாசகருக்குத் தெரியும் என்று எழுதுபவர் நேரடியாகவே தொடங்குவார். 'திஸ்' எப்போதும் பின்னால் சுட்டும் என்பதும் முழு உண்மையில்லை. சில வேளை அடுத்து வரப்போவதைச் சுட்டிக்கொண்டு அதுவே தொடக்க வாக்கியமாக நிற்கும். உதாரணத்தில் தொடங்கிப் பொதுக்கருத்தில் முடியும் பத்திகள் ஏராளம். விதி என்ன சொல்கிறது என்று கேட்காமல் இந்த வாக்கியம் எதை நம்பி நிற்கிறது என்று கேட்கும் பழக்கம் அந்தச் சீட்டுகளில் வந்தது.

சந்தையில் விற்கும் பயிற்சிப் புத்தகங்கள்மேல் அவருக்குத் தீராத வருத்தம் உண்டு. ஒரு புத்தகத்தில் நான்கு வாக்கியம்: யோகா உடலுக்கு நல்லது, மனதுக்கு நல்லது, தூக்கத்துக்கு நல்லது, செலவும் இல்லை. நான்கில் எதுவும் எதையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. விடைப் பகுதியில் ஒரு வரிசை அச்சிடப்பட்டிருக்கிறது. வரிசையே இல்லாத இடத்தில் ஒரே சரியான விடை இருப்பதாகச் சொல்வது மாணவருக்குச் செய்யும் அநியாயம் என்று அவர் சொல்கிறார். அந்த மாணவர் தன் காரணம் சரியாக இருந்தும் விடை தப்பு என்று பார்த்து, காரணம் தேடுவதையே விட்டுவிடுவார். அப்படிப்பட்ட பிள்ளைகளை மறுபடி யோசிக்கவைக்க அவருக்கு வாரக்கணக்கில் ஆகியிருக்கிறது.

இதை விளக்க அவர் நன்னூலுக்குப் போவார். செய்யுளில் பொருள் கொள்ளும் முறையைப் பவணந்தி முனிவர் எட்டாக வகுத்தார். பள்ளித் தமிழில் பொருள்கோள் என்று படித்ததுதான். ஆற்றுநீர்ப் பொருள்கோளில் பொருள் முதலிலிருந்து கடைசிவரை இடையறாமல் ஓடும். அடிமறிமாற்றில் எந்த அடியை எங்கே வைத்தாலும் பொருள் கெடாது. நல்ல வரிசைக் கேள்வி ஆற்றுநீர் போல இருக்க வேண்டும், இந்த யோகா கேள்வி அடிமறிமாற்று என்றதும் தமிழ் வழிப் பிள்ளைகளின் முகம் மாறும். ஆங்கிலத் தேர்வு தங்களுக்கு அந்நியமானது என்று நினைத்திருந்தவர்களுக்குத் தங்கள் இலக்கணப் புத்தகத்திலேயே இதற்கு ஒரு வகைப்பாடு இருந்தது பெரிய தெம்பு.

கடைசிப் பயிற்சி, கேள்வியை அவர்களே எழுதுவது. நான்கு வாக்கியம் எழுத வேண்டும், ஒரே ஒரு வரிசைதான் சாத்தியமாக இருக்க வேண்டும், வகுப்பு அதை உடைக்க முயலும். வேறொரு வரிசையும் பொருந்தும் என்று யாராவது காரணத்தோடு காட்டிவிட்டால் கேள்வி தோற்றது. திருப்பரங்குன்றத்திலிருந்து வந்த ஒரு பெண் மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்களைப் பற்றி எழுதினாள்: கிழக்குக் கோபுரத்துக்கு ஒரு வாக்கியம், தெற்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று, வடக்குக்கு ஒன்று. அடிமறிமாற்று என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வந்தது. அவள் தாளை வாங்கிக்கொண்டு போய், மறுநாள் திருத்தி எழுதி வந்தாள்.

அந்தக் கோயிலின் வெளிக்கோபுரங்கள் நான்கில் உயரமானது தெற்குக் கோபுரம் என்று ஒரு வாக்கியம். அதற்கு நேர் எதிரே வடக்கில் நிற்பது நெடுங்காலம் முடிக்கப்படாமல் கிடந்தது என்று இன்னொன்று. மொட்டைக் கோபுரம் என்ற பெயர் அதனால் வந்தது என்று மூன்றாவது. மேல்பகுதியைக் கட்டி முடித்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை என்று நான்காவது. கலைத்து எழுதிப் போட்டதும் வகுப்பு 'அந்தப் பெயர்' என்ற சொல்லிலிருந்து பின்னோக்கிப் போனது. எந்தப் பெயர், மொட்டைக் கோபுரம். எதனால், முடிக்கப்படாததால். எதற்கு எதிரே, தெற்குக்கு. பொதுவாக உயரத்தைப் பற்றிய வாக்கியம் முடிவாகவும் வரலாமே என்று ஒருவன் வாதாடிப் பார்த்தான். 'அதற்கு நேர் எதிரே' என்பது எதற்கு என்று அவள் கேட்டதும் உட்கார்ந்துவிட்டான். கேள்வி நின்றது. ஆசிரியை அதை அடுத்த வாரத்து மாதிரித் தேர்வில் அப்படியே சேர்த்துக்கொண்டார்.